பத்து மணிக்கு மேல் வரும் பசி

(மகளிர் சுய உதவிக் குழுவினரும் சுகாதாரக் களப்பணியாளர்களும் கலந்துகொண்ட நலவாழ்வுக் கூட்டம் ஒன்றில் பேசிய உரை, நம் இதழ் வாசகர்களுக்காக எழுத்து வடிவில்.)

சாப்பிட்டீங்களா?

பாருங்க, மைக்கைப் பிடிச்சதும் முதல்ல வர்ற கேள்வியே அதுதான். நம்ம ஊர்ல நலமான்னு கேட்கிறதுக்குப் பதிலா சாப்பிட்டாச்சான்னு கேட்போம். அதனாலதான் இன்னைக்கு எடுத்துக்கிட்ட விஷயத்தைப் பேசறது கொஞ்சம் கஷ்டம். பசி இல்லாத நேரத்திலயும் நாம ஏன் சாப்பிடறோம்? எடையைக் குறைக்கணும்னு நல்லாத் தெரிஞ்சும் ஏன் முடியல? இந்த ரெண்டு கேள்வியைப் பத்தித்தான் பேசப்போறேன்.

முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்லை. இதழியல் படிச்சுட்டு செய்தித் துறையில் எழுத்து வேலை பார்க்கிறேன். அரசுத் திட்டங்களைப் பத்தித் துண்டுப் பிரசுரம், பதாகை, சமூக வலைதளப் பதிவு எழுதறது என் வேலை. 'எண்ணெயைக் குறைப்போம், இனிப்பைத் தவிர்ப்போம், தினமும் நடப்போம்' என்கிற மாதிரி வரிகளை எத்தனை தடவை எழுதியிருப்பேன்னு எனக்கே கணக்குத் தெரியாது.

நோட்டீசில் இல்லாத வரி

போன வருஷம் கொங்குப் பக்கம் ஒரு கிராமத்தில் நடந்த மருத்துவ முகாமுக்குப் படம் எடுக்கவும் செய்தி எழுதவும் போயிருந்தேன். நாற்பத்தஞ்சு வயசு இருக்கும் ஒரு அம்மாவுக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தாங்க. ரெண்டுமே கூடுதல். எடையைக் குறைக்கணும்னு சொல்லி, நான் எழுதின நோட்டீசையே அவங்க கையில் கொடுத்தாங்க.

அவங்க அதை வாங்கிப் பார்த்துட்டு என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. "இதெல்லாம் எனக்குத் தெரியாதுங்களா கண்ணு? இதே மாதிரி நாலு நோட்டீசு ஊட்ல கெடக்குது. ராத்திரி பத்து மணிக்கு மேல எனக்கு என்னாகுதுன்னு ஒண்ணுலயும் போடலியே."

பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். வீட்டுக்காரர் லாரி ஓட்டறார், ஒரு தடவை வடக்கே போனா திரும்ப பதினைஞ்சு நாள் ஆகும். பையன் வெளியூர்ல வேலை. பகல்ல தறி வேலை இருக்கு, அக்கம்பக்கம் பேச்சு இருக்கு. ராத்திரி சாப்பிட்டுப் பாத்திரம் கழுவி வச்சதுக்கு அப்புறம் வீடு அமைதியாயிடும். அப்போ மறுபடியும் கொஞ்சம் தயிர்ச்சோறு, ஊறுகாய். அப்புறம் மிக்சர் டப்பா. "பசியே இருக்காதுங்க. ஆனா தின்னுட்டு இருக்கற வரைக்கும் ஊட்ல ஆள் இருக்கற மாதிரி இருக்கும்."

இதைக் கேட்டதும் எனக்கு என் ஞாபகம் வந்துச்சு. எங்க அப்பா தவறின வருஷம் நான் சென்னையில் விடுதியில் இருந்தேன். வேலை முடிஞ்சு திரும்பற வழியில் தினமும் ஒரு பேக்கரியில் நின்னு தேங்காய் பன் வாங்குவேன். சின்ன வயசுல அப்பா வேலை முடிஞ்சு வரும்போது அதைத்தான் வாங்கிட்டு வருவார். எட்டு மாசத்தில் பதினொரு கிலோ ஏறினேன். பார்க்கிறவங்க எல்லாம் 'வாயைக் கட்டு'ன்னாங்க. எதுக்குச் சாப்பிடறேன்னு யாரும் கேட்கலை. உண்மையைச் சொன்னா, நானும் என்னைக் கேட்டுக்கலை.

இது ஒரு வீட்டுக் கதை இல்லை

தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21 கணக்குப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் சுமார் 40 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் கூடுதல் எடையோடு இருக்காங்க. 2015-16ல் பெண்களில் இது சுமார் 31 சதவீதம்தான். சில வருஷத்துக்குள்ள இத்தனை பேருக்கு ஒரே நேரத்தில் மன உறுதி குறைஞ்சுபோச்சுன்னு சொல்ல முடியுமா? வேலை மாறியிருக்கு, தூக்கம் மாறியிருக்கு, கடைகள் மாறியிருக்கு. அதோட சேர்ந்து மனசுல இருக்கிற பாரமும் மாறியிருக்கு.

எல்லா எடைக்கும் மனசுதான் காரணம்னு நான் சொல்ல வரலை. பரம்பரை உண்டு. தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி மாதிரி பிரச்சினைகள் உண்டு. ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகள் இவற்றாலும் எடை கூடலாம். அதுக்காக நீங்களா மருந்தை நிறுத்திடாதீங்க, எழுதிக் கொடுத்த டாக்டரிடம் பேசுங்க. இதெல்லாம் பேசுறோம். மனசைத்தான் யாரும் பேசறதில்லை. அதனால இன்னைக்கு அது.

வயிற்றுப் பசி, மனப் பசி

ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கப் பழகிட்டா பாதி வழி தெரிஞ்ச மாதிரி.

வயிற்றுப் பசி மெதுவா வரும். சாப்பிட்டுச் சில மணி நேரம் ஆகியிருக்கும். சோறோ இட்லியோ பழசோ, எது இருந்தாலும் சரின்னு தோணும். வயிறு நிறைஞ்சதும் கை நிக்கும்.

மனப் பசி திடீர்னு வரும். 'அதுதான் வேணும்'னு ஒண்ணையே கேட்கும். பெரும்பாலும் இனிப்பு, பொரிச்சது, உப்பு, மொறுமொறுப்பு. வயிறு நிறைஞ்சாலும் அடங்காது. டிவி பார்த்துட்டோ போனைப் பார்த்துட்டோ எவ்வளவு சாப்பிட்டோம்னே தெரியாம டப்பா காலியாகும். முடிஞ்சதும் ஒரு குற்ற உணர்ச்சி. வயிற்றுப் பசிக்குச் சாப்பிட்டா அந்தக் குற்ற உணர்ச்சி வர்றதில்லை.

ஏன் இப்படி ஆகுது? தொடர்ந்து மன அழுத்தத்தில் இருந்தா உடம்பில் கார்ட்டிசால் என்கிற ஹார்மோன் கூடுது. அது பசியைத் தூண்டும், இனிப்பும் கொழுப்பும் உள்ள பண்டத்தின் மேல ஆசையைக் கூட்டும். அந்தப் பண்டம் நாக்கில் பட்டதும் கொஞ்ச நேரம் மனசு லேசாகும். மூளை அதைக் குறிச்சு வச்சுக்கும். அடுத்த தடவை மனசு கனத்தா அதே மருந்தைக் கேட்கும்.

தூக்கமும் ஒரு காரணம். 2004ல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 12 ஆரோக்கியமான இளைஞர்களை ரெண்டு ராத்திரி 4 மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தாங்க. நல்லாத் தூங்கின நாட்களோடு ஒப்பிட்டா, 'போதும்'னு சொல்ற லெப்டின் ஹார்மோன் 18 சதவீதம் குறைஞ்சுது. பசியைக் கிளப்புற கிரெலின் 28 சதவீதம் கூடிச்சு. ராத்திரி ஷிப்ட் பார்க்கிறவங்க, கைக்குழந்தை வச்சிருக்கிறவங்க, நோயாளியைப் பார்த்துக்கிறவங்க இதை மனசில் வச்சுக்கங்க. உங்க பசி சில நேரம் தூக்கம் கேட்கிற பசி.

அப்புறம் நம்ம வளர்ப்பு. குழந்தை விழுந்து அழுதா கையில் பிஸ்கட். பரீட்சையில் பாஸானா இனிப்பு. விருந்தாளி போதும்னாலும் 'இன்னும் ரெண்டு வச்சுக்கங்க'. இதெல்லாம் அன்புதான், தப்பு சொல்லலை. ஆனா அழுகைக்கு மருந்து சாப்பாடுன்னு நாம மூணு வயசிலயே கத்துக்கறோம். வீட்டுப் பெண்களுக்கு இன்னொண்ணும் இருக்கு. குழந்தை தட்டில் வச்ச மிச்சம், சட்டியில் ஒட்டின மிச்சம், 'வீணாகக் கூடாது'ன்னு கடைசியில் வாயில் போட்டுக்கறது. அந்தக் கணக்கை யாரும் எழுதறதில்லை.

சான் டியேகோவில் தெரிஞ்ச உண்மை

1980களில் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் வின்சென்ட் பெலிட்டி என்கிற மருத்துவர் எடைக் குறைப்பு சிகிச்சை நடத்திட்டு இருந்தார். அதில் அவருக்கு ஒரு விஷயம் புரியலை. நல்லா எடை குறைஞ்சுட்டு வர்றவங்களே பாதியில் நின்னுடறாங்க. குறையாதவங்க நின்னா புரியும், குறையறவங்க ஏன் நிக்கணும்?

அவங்களைக் கூப்பிட்டு உட்கார வச்சுப் பேசினார். பல பேர் சின்ன வயசில் பாலியல் கொடுமைக்கும் வேறு கொடுமைகளுக்கும் ஆளானதைச் சொன்னாங்க. அவங்களில் சிலருக்கு சாப்பாடு ஆறுதல். சிலருக்குப் பருத்த உடம்பே ஒரு கவசம், யாரும் கிட்ட வரமாட்டாங்க என்கிற பாதுகாப்பு. எடை குறையக் குறைய அந்தப் பயம் திரும்ப வந்திருக்கு. பின்னாடி அவரும் ராபர்ட் அண்டா என்கிற மருத்துவரும் சேர்ந்து 17,000க்கும் மேற்பட்டவர்களிடம் ஆய்வு நடத்தினாங்க. அதன் முடிவுகள் 1998ல் வெளிவரத் தொடங்கின. சிறு வயதுத் துயரங்கள் கூடக் கூட, வளர்ந்த பிறகு உடல் பருமன் உள்பட பல உடல்நலக் குறைகளுக்கு வாய்ப்பும் கூடுவதை அந்த ஆய்வு காட்டிச்சு.

குண்டா இருக்கிற எல்லாருக்கும் இப்படி ஒரு கதை இருக்கும்னு அர்த்தமில்லை. ஆனா அடுத்த தடவை கல்யாண வீட்டில் யாரையாவது பார்த்து 'என்ன இப்படிப் பெருத்துட்டே?'ன்னு கேட்க வாய் வந்தா, இதை ஒரு நிமிஷம் நினைச்சுக்கங்க. அந்தக் கேள்வியால ஒருத்தருக்கும் ஒரு கிலோகூடக் குறைஞ்சதில்லை. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டு இன்னும் கொஞ்சம் சாப்பிடத்தான் தோணும்.

திங்கட்கிழமை விரதம் ஏன் நிலைக்கிறதில்லை?

'திங்கட்கிழமையிலிருந்து டயட்'. நம்மில் பல பேர் சொல்லியிருப்போம். திங்கள் காலையில் ஒண்ணும் சாப்பிடமாட்டோம். செவ்வாய் வெறும் சூப். வெள்ளிக்கிழமை ஆபீசில் ஒரு பிறந்தநாள் கேக். 'சரி, கெட்டுப்போச்சு, இனி என்ன'ன்னு ஞாயிறு வரைக்கும் வெளுத்து வாங்குவோம். அப்புறம் அடுத்த திங்கள்.

இது உங்க பலவீனம் மட்டும் இல்லை. 1944-45ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்கிற ஆய்வாளர் 36 ஆரோக்கியமான ஆண்களுக்கு ஆறு மாசம் ஏறக்குறைய பாதிச் சாப்பாடுதான் கொடுத்தார். அவங்க எல்லாம் தாங்களாகவே முன்வந்தவங்க. எடை கால்வாசி குறைஞ்சுது. ஆனா அவங்களுக்கு நினைப்பெல்லாம் சாப்பாடாவே ஆயிடுச்சு. சமையல் புத்தகம் சேர்த்துப் படிச்சாங்க, எரிச்சலும் சோர்வும் வந்துச்சு. கட்டுப்பாடு தளர்ந்ததும் வயிறு நிறைஞ்சும் திருப்தி வராம சாப்பிட்டவங்க உண்டு. உடம்பு பட்டினியை ஆபத்துன்னு எடுத்துக்கும். செலவைக் குறைக்கும், பசியைக் கூட்டும். பட்டினி போட்டு எடையைக் குறைக்கப் பார்த்தா, நம்ம உடம்பே நமக்கு எதிரா நிக்கும்.

சரி, என்ன பண்ணலாம்?

ஒண்ணு, ஒரு வாரம் எழுதிப் பாருங்க. என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு. கலோரிக் கணக்கு வேண்டாம். ஏழு நாள் எழுதினா நேரமும் காரணமும் உங்களுக்கே தெரிஞ்சிடும். எனக்குச் சாயங்காலம் ஏழு மணி. அந்த அம்மாவுக்கு ராத்திரி பத்து. உங்களுக்கு மேலதிகாரி கூப்பிட்ட அடுத்த பத்தாவது நிமிஷமா இருக்கலாம்.

ரெண்டு, வேளைச் சாப்பாட்டைத் தவறவிடாதீங்க. காலையில் வெறும் டீயோட ஓடிட்டு, மதியம் மூணு மணிக்குச் சாப்பிடறவங்களுக்கு ராத்திரிப் பசி அடங்காது. பருப்பு, சுண்டல், முட்டை, மோர், காய்னு நிறைவாச் சாப்பிட்டா மனப் பசிக்கு இடம் குறையும்.

மூணு, பத்து நிமிஷம் தள்ளிப்போடுங்க. 'கூடாது'ன்னு சொல்ல வேண்டாம். 'பத்து நிமிஷம் கழிச்சு'ன்னு சொல்லுங்க. அதுக்குள்ள ஒரு தம்ளர் தண்ணி, வாசல் வரைக்கும் ஒரு நடை. அப்பவும் வேணும்னா தட்டில் போட்டு உட்கார்ந்து சாப்பிடுங்க. டப்பாவோட எடுக்காதீங்க.

நாலு, மனசு கேட்கிறதை அதன் பேரைச் சொல்லிக் கொடுங்க. தனிமையா இருந்தா யாருக்காவது போன் பண்ணுங்க. அசதியா இருந்தா படுங்க. கோபமா இருந்தா யாரிடமாவது சொல்லுங்க, இல்லேன்னா நடந்துட்டு வாங்க. அழுகை வந்தா அழுங்க. மிக்சர் இதில் எதுக்கும் மருந்தில்லை.

அஞ்சு, டீயை ஒரு கண் பாருங்க. டென்ஷன்னா டீ, போரடிச்சா டீ. ஒரு டீக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரைன்னு அஞ்சு டீக்குப் பத்து ஸ்பூன். ஒரு ஸ்பூன் 5 கிராம்னு வச்சாலும் 50 கிராம், அதாவது 200 கலோரி. ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடறவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்ற மேல் வரம்பே ஏறக்குறைய அவ்வளவுதான். டீயை விட வேண்டாம். ஸ்பூனைப் பாதியாக்குங்க.

ஆறு, தவறினா அடுத்த வேளையிலிருந்து தொடங்குங்க. அடுத்த திங்கள் வரைக்கும் காத்திருக்காதீங்க.

வீட்டில் இருக்கிறவங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. தட்டைப் பார்த்துக் கருத்துச் சொல்லாதீங்க. போதும்னா விட்டுடுங்க. 'ஏன் இவ்வளவு சாப்பிடறே?'ங்கிற இடத்தில் 'இன்னைக்கு எப்படி இருந்துச்சு?'ன்னு கேளுங்க.

எடை குறையவே மாட்டேங்குதேன்னு சோர்ந்து போகிறவங்களுக்கு நம்ம சென்னையில் நடந்த ஒரு ஆய்வைச் சொல்றேன். மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவு 2006ல் வந்துச்சு. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை மூணு வருஷம் கவனிச்சாங்க. உணவையும் நடையையும் மாத்திக்கிட்டவங்களுக்கு, வழக்கமான அறிவுரை மட்டும் கேட்டவங்களைவிட சர்க்கரை நோய் வர்ற ஆபத்து 28.5 சதவீதம் குறைஞ்சுது. இத்தனைக்கும் அவங்க எடை பெரிசாக் குறையலை. எடை மெஷின் முள் நகரலைன்னாலும் உள்ளே நல்லது நடக்கும். நடையை நிறுத்தாதீங்க.

எப்போ உதவி கேட்கணும்?

குறைஞ்ச நேரத்தில் ரொம்ப அதிகமாச் சாப்பிடறேன், நிறுத்தணும்னு நினைச்சும் நிறுத்த முடியலை, மத்தவங்களுக்குத் தெரியாம சாப்பிடறேன். இது வாரத்துக்கு ஒரு தடவையாவது, மூணு மாசமா நடக்குதுன்னா, மருத்துவத்தில் அதுக்குத் தனிப் பெயரும் சிகிச்சையும் இருக்கு. சாப்பிட்டதை வேணும்னே வாந்தி எடுக்கிற பழக்கம் இருந்தா தாமதிக்கவே கூடாது. மனசு எப்பவும் சோர்ந்தே இருக்குன்னாலும் அப்படித்தான். இது குணக் குறை இல்லை. காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்க்கிற மாதிரி இதுக்கும் பார்க்கலாம்.

எங்கே போறது? 14416 என்கிற டெலி மனஸ் எண்ணுக்கு எந்த நேரமும் போன் பண்ணலாம், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். மருத்துவத் தகவலுக்கும் ஆலோசனைக்கும் 104 இருக்கு. மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கு. ரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்க அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் களப்பணியாளர்கள் வீட்டுக்கே வர்றாங்க. அவங்க ரத்த அழுத்தம் பார்க்கும்போது, 'ராத்திரி பசியில்லாம சாப்பிடறேன்'னும் சொல்லுங்க. விளம்பரத்தில் பார்த்த எடைக் குறைப்புப் பொடியையும் மாத்திரையையும் டாக்டரிடம் கேட்காம வாங்காதீங்க.

களப்பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். எடையை எழுதிக்கிட்டு 'குறைங்க'ன்னு சொல்றதோட நிக்காம, 'எந்த நேரத்தில் சாப்பிடத் தோணுது?'ன்னு ஒரு கேள்வி கூடுதலாக் கேளுங்க. அரை நிமிஷம்தான் ஆகும்.

அந்த அம்மாவை இந்த வருஷம் இன்னொரு முகாமில் பார்த்தேன். ராத்திரி ஒன்பதரைக்குப் பையன் தினமும் போன் பண்றானாம். பேசிட்டே பாத்திரம் கழுவிடறாங்களாம். பக்கத்து வீட்டு அம்மாவோட விடிகாலையில் நடக்கிறாங்க. எடை எவ்வளவு குறைஞ்சுதுன்னு கேட்டேன். "ரெண்டு கிலோதாங்க. டப்பாவை இன்னும் சில நாளைக்குத் தொறக்கத்தான் செய்யறேன். ஆனா எதுக்குத் தொறக்கறேன்னு இப்பத் தெரியுது கண்ணு."

அலுவலகம் திரும்பினதும் புது நோட்டீசுக்கு ஒரு வரி கூடுதலா எழுதினேன்: 'பசி இல்லாத நேரத்தில் சாப்பிடத் தோன்றினால், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.' இடம் போதாதுன்னாங்க. எழுத்தைச் சின்னதாக்கி, கடைசி வரியாச் சேர்த்திருக்காங்க. உங்க கைக்கு அந்த நோட்டீசு வந்தா, கடைசி வரி வரைக்கும் படிங்க.

வீட்டுக்குப் போனதும் யாரையாவது பார்த்து 'சாப்பிட்டீங்களா?'ன்னு கேட்பீங்க. கேளுங்க. அதோட நிறுத்தாம, 'மனசு நல்லா இருக்கா?'ன்னும் ஒரு வார்த்தை கேளுங்க.